பகலெல்லாம் உறங்கிய வீடு

கட்டாரிலிருந்து பஸ்லியா என்றொரு பெண் அழைத்தபோது றஸ்னா மதியச் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தராக இருப்பவளுக்கு வெளிநாட்டு அழைப்புகள் புதிதல்ல. புருஷன் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை, காணியை மச்சான் வளைத்துப் போட்டுவிட்டான் என்று யாராவது அழுவார்கள். இவள் அழவில்லை. தன் உம்மாவைக் கடற்கரை வீதியிலுள்ள முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு வந்திருப்பதாகவும், கொஞ்ச மாதங்களாக எந்த நேரம் வீடியோவில் அழைத்தாலும் உம்மா தூக்கத்திலேயே இருப்பதாகவும் சொன்னாள். காலையில் அழைத்தாலும் தூக்கம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அழைத்தாலும் தூக்கம்.

"போன்ல மூஞ்சக் காட்டுறாங்க மிஸ். உம்மா கண்ணத் தொறக்கிறா இல்ல. ஒருக்காப் போய்ப் பார்த்துச் சொல்லுங்க, அவ எப்பிடி இரிக்கா எண்டு."

உம்மாவின் பெயர் ஹவ்வா உம்மா. மருதமுனைக்காரர். பஸ்லியா ஒரே மகள். கலியாணத்தில் சீதனமாகக் கொடுத்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. புருஷன் விட்டுப்போனபின் வீட்டைப் பூட்டித்தான் அவள் விமானம் ஏறினாள்.

உம்மா வாப்பாவை இல்லத்தில் விடுகிற வழக்கம் நம் சமூகத்தில் இல்லை என்று கூட்டங்களில் பெருமையாகப் பேசுகிற ஊர் இது. அதனாலேயே விட்டவர்கள் சத்தமில்லாமல் விட்டார்கள். விட்டபின் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று வந்து போவதையும் குறைத்துக்கொண்டார்கள். அந்த இல்லத்துக் கட்டடம், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு வெளிநாட்டு உதவியில் எழும்பியது. முதலில் தையல் பழக்கினார்கள். பிறகு வெறுமனே பூட்டிக் கிடந்தது. கடைசியில் அரிசி ஆலை வைத்திருக்கும் காலிதீன் ஹாஜியாரைத் தலைவராகக் கொண்ட சபையொன்று அதை எடுத்து முதியோர் இல்லமாக்கியது. ஊரில் அதற்கு நல்ல பெயர்தான். நோன்பு காலத்தில் அங்கே பேரீச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளாத இளைஞர் கழகம் இல்லை.

முதல் தடவை றஸ்னா முறைப்படி அறிவித்துவிட்டுத்தான் போனாள். வாசலிலேயே ஹாஜியார் நின்றார். நிலம் கழுவி ஈரம் காயவில்லை. கட்டில்களில் புது விரிப்பு. மூக்கைக் குத்துகிற மருந்துத் தண்ணீரின் வாசம். விழித்திருந்த ஆண்கள் சிலர், ஒரு குறையும் இல்லை, சாப்பாடு நல்லம், எல்லாரும் நல்ல மாதிரி என்று ஹாஜியாரைப் பார்த்தபடியே சொன்னார்கள். பெண்கள் பக்கம் எல்லாக் கட்டிலிலும் தூக்கம். ஹவ்வா உம்மா கழுத்துவரை போர்த்தியபடி மல்லாந்து கிடந்தார். றஸ்னா தோளில் கைவைத்துக் கூப்பிட்டாள். இமை கொஞ்சம் அசைந்து அடங்கியது. வயது போன ஆட்கள், விடிய எழும்பித் தொழுதுவிட்டுத் தூங்குகிறார்கள் என்றார் ஹாஜியார்.

அலுவலகத்துக்குத் திரும்பி, முறைப்பாட்டில் உண்மையில்லை என்று எழுதப் பேனையை எடுத்தவள் எழுதாமல் வைத்தாள். ஸ்கூட்டியில் வரும் வழியெல்லாம் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று அந்தப் பகுதியில் மின்சாரம் இல்லை. விசிறி ஓடவில்லை. விழித்திருந்த ஒருவராலும் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாத புழுக்கம். அந்தப் பெண்களில் ஒருவர்கூட ஒரு தரம் புரண்டு படுக்கவில்லை.

அடுத்த வாரம் லுஹர் தொழுகை முடிந்து ஊர் சாப்பிட்டுச் சாய்கிற நேரத்தில், யாருக்கும் சொல்லாமல் போனாள். கேற்றில் சங்கிலி போட்டிருந்தது. தட்டித் தட்டிக் கை நொந்த பிறகு ஒரு பெண் வந்து திறந்தாள். நாற்பது வயது மதிக்கலாம். முழங்கை வரை சவர்க்கார நுரை. முந்தின தடவை ஹாஜியாருக்குப் பின்னால் தேத்தண்ணித் தட்டோடு நின்றவள். பெயர் றுகையா, மாவடிப்பள்ளி ஆள். வேறு யாரும் இல்லையா என்று கேட்டதற்கு, சமைக்கிற பொம்புள பகல் சாப்பாட்டோடு போய்விடுவாள், காவலுக்கு இருந்தவர் நின்று கனகாலம் என்றாள்.

இந்தத் தடவை மருந்துத் தண்ணீரின் வாசம் இல்லை. மூத்திர நாற்றம் வாசலிலேயே வந்து எதிர்கொண்டது. ஆண்கள் பக்கமும் தூக்கம்தான். றஸ்னா நேரே ஹவ்வா உம்மாவிடம் போய்ப் போர்வையை விலக்கினாள். உடுப்பு நனைந்திருந்தது. றுகையாவும் கைகொடுக்க, இருவருமாக அவரை ஒருக்களித்துத் திருப்பினார்கள். முதுகின் அடியில், இடுப்புத் தோல் கருத்து, நடுவில் பிளந்து, உள்ளே சதை தெரிந்தது. உள்ளங்கை வைத்தாலும் மறைக்க முடியாத புண். மருந்து வைத்துக் கட்டிய துணி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவுக்கும் அவர் விழிக்கவில்லை.

றஸ்னாவின் குரல் உயரத்தான் செய்தது. இவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். மறுப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள். றுகையா திருப்பிய ஆளைத் தாங்கிப் பிடித்தபடியே பதில் சொன்னாள்.

"குளிசை குடுக்கிற மிஸ். அலர்ஜிக்குக் குடுப்பாங்களே, தூக்கம் வாற அந்தச் சின்னக் குளிசை. தேத்தண்ணியில கரைச்சுக் குடுக்கிற."

"ஆரு குடுக்கச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நான்தான்."

பிறகு, அந்தப் புண்ணைக் கழுவிக்கொண்டே, நடந்ததைச் சொன்னாள். முகம்மது தம்பி என்று ஒரு மீன்பிடிக்காரர் அங்கே இருந்தார். புத்தி தடுமாறிப் போனவர். ஒரு பகல் அவள் குளியலறையில் ஒருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, தன் தோணியைத் தேடிக் கடலுக்குப் போய்விட்டார். நெஞ்சளவு தண்ணீரில் நின்றவரை வலை இழுத்தவர்கள்தான் பிடித்து வந்தார்கள். சபையார் வந்து கத்தினார்கள். இன்னொரு தரம் இப்படி நடந்தால் உனக்கு இங்கே இடமில்லை என்றார்கள். இன்னொரு ஆளைப் போட்டுத் தாருங்கள் என்று அவள் கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்கள். முதலில் அவருக்கு மட்டும்தான் குளிசை. பிறகு இரவும் பகலும் கூச்சல் போடுகிற ஒருவருக்கு. பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்த ஒருவருக்கு. பிறகு எல்லாருக்கும்.

"ஹவ்வா உம்மா ஓடவுமில்ல, சத்தம் போடவுமில்ல. அவக்கு ஏன் குடுத்த?"

றுகையா கழுவுவதை நிறுத்தினாள். துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள்.

"அவ அழுவா மிஸ். மகளக் கேட்டு மெல்லமா அழுவா. விடிஞ்சாப் பொழுதுபட்டா அதான். அதக் கேட்டுக்கிட்டு எனக்கு மத்த ஆக்கள்ற வேலையச் செய்ய ஏலாமப் போயிட்டு."

அன்று பொழுதுபடுவதற்குள் அம்புலன்ஸ் வந்து ஹவ்வா உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. றஸ்னா அறிக்கையை எழுதினாள். புண், குளிசை என்று கண்ணால் கண்டதை முதலில் எழுதினாள். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு பெண் இருந்ததையும், ஆள் கேட்டும் கொடுக்கப்படாததையும், அதற்குச் சபையே பொறுப்பு என்பதையும் அதற்குப் பின்னால் எழுதினாள். அப்படி எழுதுவதுதான் முறை. அவளுக்கு வேலை பழக்கியவர்களும் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள்.

விசாரணை பிரதேச செயலாளரின் அறையில் நடந்தது. றுகையாவையும் அழைப்பார்கள் என்றே றஸ்னா நினைத்திருந்தாள். அழைக்கவில்லை. காலிதீன் ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இப்படி ஒரு துரோகம் தங்கள் கண்ணில் மண்ணைத் தூவி நடந்துவிட்டது, அந்தப் பொம்பளையை அன்றைக்கே வெளியே போட்டுவிட்டோம் என்றார். பொலீசுக்குப் போகவில்லை, அவளும் கலியாணமாகாத ஒரு குமரை வைத்திருப்பவள் என்று பெருந்தன்மையாகவும் சொன்னார். ஆள் கேட்டாளே என்று றஸ்னா குறுக்கிட்டாள். அவர் கோபப்படவில்லை. அறிக்கையின் முதல் பக்கத்தை விரலால் தட்டினார்.

"குளிசை குடுத்தது அவதான் எண்டு நீங்களே எழுதியிரிக்கீங்களே மகள். இனி எங்களிட்டக் கேட்டு என்ன?"

இல்லத்துக்கு மேலதிகமாக ஆட்களை நியமிக்க வேண்டும், வைத்தியர் வந்துபோக ஒழுங்கு செய்ய வேண்டும் என்ற சிபாரிசுகளோடு விசாரணைக் கோவை மூடப்பட்டது. சபை இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தது உண்மை. அதில் ஒருத்தி மாதம் முடியுமுன் நின்றுவிட்டதும் உண்மை. சில பிள்ளைகள் வெட்கப்பட்டுத் தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முகம்மது தம்பியை அவருடைய மகன் சாகாமத்துக்குக் கொண்டுபோய், வயல் காவல் குடிலுக்குப் பக்கத்தில் கட்டிய அறையில் வைத்திருக்கிறான் என்று கேள்வி. கடல் இல்லாத ஊர். அங்கேயும் அவர் குளக்கட்டில் போய் நின்றுகொண்டு தோணியைத் தேடுகிறாராம்.

ஆஸ்பத்திரியில் குளிசையின் மயக்கம் தெளியத் தெளிய ஹவ்வா உம்மா வேறு ஆளானார். வெளிறிய கண்கள், பார்த்தால் பார்த்தபடியே இருக்கும். வாட்டில் துணைக்கு ஒரு பெண்ணை றஸ்னா ஒழுங்கு செய்திருந்தாள். அவள் கொடுத்த கஞ்சியை அவர் வாயில் வாங்கவில்லை. தாதி புண்ணுக்கு மருந்து கட்ட வந்தால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுத்தார். புண் எலும்பைத் தொட்டுவிட்டது, காய்ச்சலும் விடுகிறதில்லை, சாப்பிடாவிட்டால் கஷ்டம் என்று வைத்தியர் சொன்னார்.

றஸ்னா பக்கத்தில் குனிந்து, மகளோடு கதைப்பமா உம்மா என்று கேட்டாள். ஹவ்வா உம்மா மகளைக் கேட்கவில்லை.

"றுகையா எங்க?"

லீவில் போயிருக்கிறா என்று றஸ்னா சொன்னாள். வருவாவா என்று கேட்டதற்கு, வருவா என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு வாட்டுக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். றுகையாவை இனி எந்த முதியவரின் பராமரிப்புக்கும் விடக்கூடாது என்று அறிக்கையில் எழுதியவள் அவள்தான்.

மறுநாள் மாவடிப்பள்ளிக்குப் போனாள். அறுவடைக் காலம். தெருவின் ஒரு பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். றுகையா வெறுங்காலால் நெல்லைக் கிளறியபடி நடந்துகொண்டிருந்தாள். யாருடைய நெல்லோ, கூலிக்கு. ஸ்கூட்டி நின்றதைக் கண்டும் அவள் நிற்கவில்லை. றஸ்னா தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் அந்த ஓரம் போய்த் திரும்பி வரும்வரை வெயிலில் காத்து நின்றாள். வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அவவத் தொடக்குடா எண்டு எழுதினது நீங்கதானே மிஸ்."

"ஓம் ராத்தா."

"இப்ப நீங்களே கூப்பிட வந்திரிக்கீங்க."

றுகையா மறுபடி நெல்லில் இறங்கி மிச்சத்தையும் கிளறி முடித்தாள். கிணற்றடியில் கால் கழுவினாள். அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டாள். ஊர் தாண்டி வயல்வெளிக்கு வந்ததும், அவட புண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஆழமாகப் போய்விட்டது என்றாள் றஸ்னா.

ஹவ்வா உம்மா அவளைக் கண்டதும் கையை நீட்டினார். றுகையா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். பாதிக் கோப்பை இறங்கியது. வாயைத் துடைத்துவிட்டு, ஏதோ நெடுநாள் சுமந்ததை இறக்குகிறவள் போல மெதுவாகச் சொன்னாள்.

"உங்களத் தூங்க வெச்சது நான்தான் உம்மா. தேத்தண்ணியில குளிசை போட்டுத் தந்த."

"தெரியும்," என்றார் ஹவ்வா உம்மா. "கைக்கும். நீ தாறதால குடிச்ச." மூச்சு வாங்கியது. "தூங்கினா மகள்ட நெனப்பு வாறல்ல."

றுகையா கோப்பையைக் கீழே வைத்தாள். குனிந்தவள் நிமிர நேரமாயிற்று.

அந்த நேரம் பார்த்து பஸ்லியாவின் அழைப்பு வந்தது. உம்மா கண் விழித்துவிட்டார் என்ற செய்தியை றஸ்னாதான் அவளுக்கு அனுப்பியிருந்தாள். திரையில் உம்மாவின் திறந்த கண்களைக் கண்டாள். வெறுமனே உம்மா, உம்மா என்றாள். கொஞ்சம் கழித்துத்தான் பக்கத்தில் இருந்தவளைக் கவனித்தாள். அது யார் என்று கேட்டாள். குளிசை கொடுத்தவளின் பெயரை முன்பே பஸ்லியாவுக்குச் சொல்லியிருந்த றஸ்னா, பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் றுகையாவே தன் பெயரைச் சொல்லிவிட்டாள்.

"அந்தப் பொம்புளய வெளிய போகச் சொல்லுங்க மிஸ்," என்றாள் பஸ்லியா. "என்ட உம்மாட முதுக அழுக வெச்சவள். அவள்ற கை படக்குடா."

றுகையா எழுந்தாள். ஹவ்வா உம்மா அவளுடைய அபாயாவின் நுனியைப் பிடித்துக்கொண்டார். திரையில் தெரிந்த மகளின் முகத்தைப் பார்த்தபடி, கோபமில்லாமல் சொன்னார்.

"நீ வா புள்ள. நீ வந்தா அவ போவா."

பஸ்லியாவின் கடவுச்சீட்டு வேலை செய்யும் வீட்டுக்காரரிடம் இருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. அதையெல்லாம் அவள் உம்மாவிடம் சொல்லவில்லை. போனை எங்கோ வைத்துவிட்டாள் போலும். திரையில் ஒரு சமையலறையின் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

றுகையா ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். இரண்டு மணிக்கொருதரம் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தாள். தாதி மருந்து கட்டும்போது தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஹவ்வா உம்மா சாப்பிட்டார், கதைத்தார், ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லிக் கேட்டார். மகளை நினைத்து அழவும் செய்தார். அழுதால் றுகையா அழவிட்டாள். இவர் தப்பிவிடுவார் என்று றஸ்னாவும் நம்பத் தொடங்கியிருந்தாள். ஆனால் புண்ணிலிருந்த நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு, அவர் மவுத்தானார்.

ஜனாஸாவை மருதமுனைக்குக் கொண்டுபோனார்கள். தூரத்து உறவுக்காரர் ஒருவர் பஸ்லியாவின் வீட்டுப் பூட்டை உடைத்துத் திறந்தார். சாவி கட்டாரில் இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தூசு தட்டி, சிலந்தி வலை வாரி, கிணற்றடியில் சீலை கட்டி மறைத்துக் கழுவுவதற்கு இடம் செய்தார்கள். கழுவத் தொடங்குமுன் பஸ்லியா றஸ்னாவுக்குக் குரல் பதிவொன்று அனுப்பியிருந்தாள். கடைசியில் உம்மாவைப் பராமரித்தவள் யார் என்று தனக்குத் தெரியும், அதை மறுக்கவில்லை, ஆனால் குளிப்பாட்டுவதற்கு அவளை மட்டும் விட வேண்டாம், இதையாவது தன் சொற்படி செய்யுங்கள் என்று கேட்டிருந்தாள்.

றுகையா பஸ்ஸில் வந்து இறங்கி, கேற்றுக்கு வெளியே நின்றாள். கையில் ஒரு பை. றஸ்னா போய் அவள் முன்னால் நின்றாள். கேற்றின் கொண்டியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உள்ளதை அப்படியே சொன்னாள்.

றுகையா வீட்டுக்குள் பார்த்தாள். கிணற்றடியில் கட்டியிருந்த சீலை காற்றில் உப்பி அடங்கியது.

"மகளுக்கு உரிமை இரிக்கி," என்றாள். பையைத் திறந்து, துவைத்து மடித்த பழைய பருத்திப் புடவைத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தாள். "முதுகுப் பக்கம் தேய்க்க வேணாண்டு சொல்லுங்க மிஸ். தோல் கழண்டு வரும். தண்ணிய மட்டும் ஊத்தி, இதால ஒத்தி எடுக்கச் சொல்லுங்க."

றஸ்னா அவற்றை வாங்கிக்கொண்டு சீலைக்குப் பின்னால் போனாள். கழுவுகிற மூத்த பெண்ணிடம் துணிகளைக் கொடுத்து, முதுகைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் புண்ணைக் கண்டாள். கூட இருந்தவளிடம் வாளியைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. றஸ்னா அங்கேயே ஒதுங்கி நின்றாள். வெளியே வந்தபோது கேற்றடியில் யாரும் இல்லை. பிரதான வீதிக்குப் போகிற ஒழுங்கையில் றுகையா கறுத்த அபாயாவில் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். றஸ்னா கூப்பிடவில்லை.

ஜும்ஆவுக்குப் பிறகு ஆண்கள் ஜனாஸா வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போனார்கள். அது ஒழுங்கை முனையில் திரும்பும்வரை றஸ்னா போனைப் பிடித்துக் காட்டினாள். பஸ்லியா பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு வெறிச்சோடிய பிறகுதான் கேட்டாள்.

"புண்ணெல்லாம் நோகாமக் கழுவினாங்களா மிஸ்?"

"ஓம். நோகாமத்தான் கழுவின," என்றாள் றஸ்னா.